சந்தையில் பிறந்த சத்தம்: ஜெர்மன் மெட்டலுக்குள் பேக்பைப் நுழைந்த கதை

இரண்டு மந்திரங்கள். ஒன்று, போரில் சிறைபிடிக்கப்பட்டவன் கட்டறுத்துத் தப்பிக்க ஓதுவது. மற்றது, குதிரையின் சுளுக்கிய காலைச் சரிசெய்ய ஓதுவது. 'எலும்போடு எலும்பு, ரத்தத்தோடு ரத்தம், மூட்டோடு மூட்டு' என்று போகும். பழைய ஜெர்மனில் உள்ள இவற்றை 10-ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் கிறிஸ்தவச் சமயச் சுவடி ஒன்றின் காலிப் பக்கத்தில் எழுதிவைத்தார். மெர்ஸெபுர்க் நகரப் பேராலயத்தின் நூலகத்தில் தூங்கிக் கிடந்த அந்தச் சுவடியை 1841-இல் கெயோர்க் வைட்ஸ் என்ற வரலாற்றாசிரியர் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டே யாகோப் கிரிம் அதை அச்சில் கொண்டுவந்தார். நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர்தான் அவர்.

இந்த மந்திரங்களை இன்றைக்கு மொழியியல் பேராசிரியர்களோடு கறுப்பு டி-சர்ட் போட்ட, மெட்டல் என்ற கனத்த ராக் இசையின் ரசிகர்களும் வரி பிசகாமல் சொல்வார்கள். இன் எக்ஸ்ட்ரீமோ என்ற பெர்லின் இசைக்குழு 1999-இல் வெளியிட்ட ஆல்பத்தில் சிறைமீட்பு மந்திரத்தையும், 2001-இல் வந்த ஆல்பத்தில் குதிரை மந்திரத்தையும் பாடிவிட்டது. தோல்பையில் காற்றடைத்து ஊதும் பேக்பைப் முழங்க, மின்கிட்டார் உறும, அந்தப் பழைய சொற்களைக் கூட்டம் திருப்பிக் கத்தும். கேட்பவருக்கு ஆயிரம் ஆண்டுப் பழமை நேரே காதில் விழுவது போலிருக்கும்.

ஆனால் சுவடியில் சொற்கள் மட்டுமே உண்டு, மெட்டு கிடையாது. ரசிகர்களுக்குப் பழகிய அந்த மெட்டு, ஹாம்பர்க் நகரத்து அவுகன்வைடெ என்ற நாட்டாரிசை ராக் குழு 1974-இல் போட்டது. சொல்லுக்கு வயது ஆயிரம், மெட்டுக்கு வயது ஐம்பது சொச்சம், அதைத் தாங்கும் கிட்டார் ஓசைக்கு அதைவிடக் குறைவு. ஜெர்மனியில் 'இடைக்கால மெட்டல்' என்று அழைக்கப்படும் இந்த வகையை எங்கே தட்டினாலும் இதே கணக்குதான் வரும். பழமை என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில், குறிப்பாகக் கிழக்கு ஜெர்மனியின் கடைசிக் காலத்திலும் அது கலைந்த பின்னரும் உருவானது. இதைப் போலித்தனம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த இசையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

நாட்டாரிசையோடு மெட்டலைக் கலக்கும் வேலையை ஜெர்மானியர்கள் தொடங்கவில்லை. இங்கிலாந்தின் ஸ்கைக்ளாட் குழு 1991-இலேயே தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்துவிட்டது. பின்னர் பின்லாந்தும் சுவிட்சர்லாந்தும் தத்தம் வழியில் இதை வளர்த்தன. அங்கெல்லாம் மெட்டல் இசைஞர்கள் தங்கள் இசைக்கு நாட்டார் மணம் சேர்க்க வயலினையும் குழலையும் அழைத்துவந்தார்கள் என்பதே பொதுவான கதை. ஜெர்மனியில் பயணம் எதிர்த் திசையில் நடந்தது. தெருவிலும் சந்தையிலும் பேக்பைப் ஊதிக்கொண்டிருந்தவர்கள் கிட்டார்காரர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால்தான் இந்தக் குழுக்களில் பேக்பைப் விருந்தாளி போல ஓரத்தில் நிற்பதில்லை. பாட்டின் முதுகெலும்பாகவே இருக்கிறது, அல்லது நல்ல நாட்களில் இருந்தது.

ஏன் கிழக்கு ஜெர்மனி என்பதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும். நாஜிகள் நாட்டார் பாடல்களை இளைஞர் அணிகளின் அணிவகுப்புக்கும் முகாம்களுக்கும் வளைத்துக்கொண்டதால், போருக்குப் பிந்தைய தலைமுறைக்குச் சொந்த மொழியின் பழம்பாடல்களை வாயில் எடுக்கவே கூச்சம். இந்தக் கூச்சத்தை உடைத்ததில் ஒரு கிழக்கு ஜெர்மன் அறிஞருக்குப் பெரும் பங்குண்டு. யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி, சுவீடனிலிருந்து திரும்பிய மொழியியலாளர் வொல்ஃப்காங் ஷ்டைனிட்ஸ், 1954-இலும் 1962-இலும் இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டார். கட்டாயப் படைச் சேர்க்கையை வைது ஓடிப்போன சிப்பாய், பட்டினி கிடந்த நெசவாளி, பண்ணையாரைச் சபித்த குடியானவன் ஆகியோரின் பாடல்கள் அவற்றில் நிறைந்திருந்தன. அதிகாரத்துக்கு எதிராகப் பாடியதும் ஜெர்மன் நாட்டார் மரபுதான் என்று அந்தத் தொகுதிகள் ஆவணத்தோடு காட்டின. பெர்லின் சுவரின் இரு பக்கத்திலும் நாட்டாரிசைக் குழுக்கள் அவற்றைக் கிழிய கிழியப் புரட்டின.

கிழக்கு ஜெர்மனியில் மேடையேறுவதற்கு அரசு அனுமதி வேண்டும். குழு ஒரு தேர்வுக் குழுவின் முன் வாசித்துக் காட்டும். அவர்கள் தரம் பிரிப்பார்கள். தரத்தைப் பொறுத்துச் சம்பளம். அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் வாசிக்கக் கூடாது. ராக் குழுவின் பாடல் வரிகள் சல்லடையில் சலிக்கப்பட்டன. லத்தீனில் இருக்கும் 13-ஆம் நூற்றாண்டுக் குடிப்பாட்டை எந்த அதிகாரி சலிப்பார்? தணிக்கைக்கு அகப்படாத மூலையாக இடைக்காலம் இருந்தது என்பதை மட்டும் வைத்து முழு விளக்கம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் 1980-களில் கிழக்கு பெர்லினில் ஸ்பில்வூட் போன்ற குழுக்கள் பழைய கருவிகளோடு முளைத்தபோது, அவர்களைச் சுற்றிச் சேர்ந்தவர்களில் பங்க் என்ற முரட்டு ராக் இசைக்காரர்களும் நாடோடி மனம் கொண்டவர்களும் அதிகம். 1987-இல் பெர்லின் நகரின் 750-ஆம் ஆண்டு விழா. இரு பெர்லின்களும் போட்டிபோட்டுக் கொண்டாடின. கிழக்கில் நிகோலாய் குடியிருப்பை அதற்காகவே பழைய தோற்றத்தில் எழுப்பினார்கள். பழைய நகரம் போல் ஒரு மேடையமைப்பு கிடைத்தால் பழைய இசைஞர்களும் தேவைப்படுவார்கள் அல்லவா.

அந்த நாடோடி இசைஞன் என்ற வேடத்துக்கு ஜெர்மன் வரலாற்றில் கூர்மையான ஓர் இடம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எய்கெ ஃபொன் ரெப்கோவ் தொகுத்த 'ஸாக்ஸென்ஷ்பீகெல்' என்ற சட்டநூல், ஒவ்வொரு வகை மனிதருக்கும் தீங்கிழைத்தால் என்ன நட்டஈடு என்று பட்டியலிடுகிறது. இசைஞருக்கு என்ன நட்டஈடு தெரியுமா? ஒரு மனிதனின் நிழல். அடித்தவனை வெயிலில் நிறுத்துவார்கள். அடிபட்ட இசைஞன் அவன் நிழலை அடித்துக்கொள்ளலாம். சட்டம் அதற்கு மேல் தராது. அனுமதிச் சீட்டுக்குக் கையேந்தி நின்ற பங்க் பாடகனுக்கு இந்த மூதாதை பிடித்துப்போனதில் வியப்பில்லை.

1989-இல் இரண்டு இசைஞர்கள் கிழக்கு ஜெர்மனியைவிட்டுத் தப்பியபோது வளர்த்த அண்டங்காக்கையை விட்டுவிட்டு வர வேண்டியிருந்ததாம். புதிய குழுவுக்கு அந்தப் பறவையின் அறிவியல் பெயரையே சூட்டினார்களாம். கோர்வஸ் கோரக்ஸ் குழுவினர் தங்கள் தோற்றத்தைப் பற்றிச் சொல்லும் கதை இது. கதையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு காரம் என்பது அவர்களுக்கே வெளிச்சம். ஆனால் அவர்கள் இசையில் செய்தது கண்கூடு. மின்சாரம் இல்லாமல், வெறும் பேக்பைப்புகளும் பெரிய முரசுகளும் மட்டும் வைத்து, ஒரு ராக் கச்சேரிக்கு உண்டான வேகத்தையும் சத்தத்தையும் எழுப்பினார்கள். பின்னாளில் கிட்டார் வந்து சேர வேண்டிய இடம் அப்போதே தயாராகிவிட்டது.

பங்க் பக்கமிருந்து வந்த ஒரு சான்று இன்னும் சுவையானது. கிழக்கு பெர்லினின் பெயர்பெற்ற பங்க் குழு ஃபீலிங் பி. அதன் 1993-ஆம் ஆண்டு ஆல்பம் பேக்பைப்பும் பழைய குழல்களும் கலந்த இடைக்கால வாடை கொண்டது. அந்தக் குழுவின் பால் லாண்டர்ஸ், கிறிஸ்டியான் லோரென்ஸ், கிறிஸ்டோஃப் ஷ்னைடர் மூவரும்தான் அடுத்த ஆண்டு உருவான ராம்ஷ்டைன் என்ற மெட்டல் குழுவில் இருந்தார்கள். உலகம் அறிந்த அந்த இயந்திர உறுமலும், பேக்பைப் மெட்டலும் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் பிறந்தவை.

சுவர் விழுந்த பிறகு நாடு முழுக்க இடைக்காலச் சந்தைகள் பெருகின. கோட்டை முற்றத்திலோ பழைய நகரச் சதுக்கத்திலோ வார இறுதியில் கூடுவார்கள். கொல்லன் பட்டறை, தேன் மது, சுட்ட இறைச்சி, மரவாள் வாங்கித் தரச் சொல்லி அழும் பிள்ளைகள். இதன் நடுவே ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு குழு வாசிக்க வேண்டும். சத்தத்தில் கூட்டத்தை நிறுத்தி, தொப்பியில் காசு விழவைக்க வேண்டும். இந்த ஒரு நெருக்கடிதான் இந்த வகையின் கருவியை முடிவுசெய்தது.

அந்தக் கருவியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஜெர்மன் நிலத்தில் பேக்பைப் இருந்தது உண்மை. ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1514-இல் ஒரு பேக்பைப்காரனைச் செப்புத்தகட்டில் செதுக்கியிருக்கிறார். இசையறிஞர் மிஷாயெல் ப்ரெடோரியஸ் 1619-20-இல் வந்த தன் இசை நூலில் அதன் பல வகைகளை அளவு மாறாமல் வரைந்துகாட்டியிருக்கிறார். பிறகு அது மெல்ல மறைந்தது. லவுசிட்ஸ் பகுதியில் வாழும் ஸோர்ப் என்ற ஸ்லாவிய மக்கள் போன்ற சிலரிடம் மட்டும் தொடர்ந்தது. இடைக்காலத்துக் கருவி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து ஊதிப்பார்க்க வழியில்லை. எனவே 1980-களில் கிழக்கு ஜெர்மன் கைவினைஞர்கள் ஓர் ஒட்டுவேலை செய்தார்கள். வெளித்தோற்றம் பழைய ஓவியங்களிலிருந்து: விரிந்த மணிவாய் கொண்ட தடித்த மரக்குழல்கள், தோளில் சாயும் தோல்பை. உள்ளே ஓடும் துளை ஸ்காட்லாந்தின் ராணுவ பேக்பைப்பை ஒட்டியது. அதன் சத்தத்துக்கு நிகரில்லை என்பதே காரணம். ஜெர்மானியர்கள் இதை 'சந்தை பேக்பைப்' என்றே சொல்கிறார்கள். ட்யூரரின் உடம்பு, ஸ்காட்லாந்தின் நுரையீரல்.

பையில் காற்றை ஊதி நிரப்பி, கை முட்டியால் அமுக்கினால், குழலுக்குள் பொருத்திய சீவாளி அதிர்கிறது. உதடு சீவாளியைத் தொடுவதே இல்லை. அதனால் ஓசையைக் குறைக்கவோ கூட்டவோ வழியில்லை; ஊதத் தொடங்கினால் ஒரே அளவு, அதுவும் காது கூசும் அளவு. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்துக்காரர் செய்யும் வேலையை இங்கே பையில் செருகிய நீண்ட குழல்கள் செய்கின்றன: ஆதார ஸ்வரத்தையும் பஞ்சமத்தையும் இடைவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கைவிரல் குழலில் ஒன்பது ஸ்வரங்கள்தான். ஓசையை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. பை காலியாகும்வரை ஓசை ஓடும். ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டுமென்றால் இடையில் வேறொரு துளையைக் கண்ணிமைக்கும் நேரம் திறந்து மூட வேண்டும். அந்தச் சின்னத் துள்ளல்தான் பேக்பைப் இசையின் வெட்டி வெட்டித் தெறிக்கும் தன்மைக்குக் காரணம். வெயிலும் ஈரமும் நாணல் சீவாளியைப் பாடாய்ப் படுத்தும். மேடை விளக்குச் சூட்டில் சுருதி நழுவும். அதனால் பலர் இப்போது பிளாஸ்டிக் சீவாளிக்கு மாறிவிட்டார்கள்.

இதோடு வரும் மற்றக் கருவிகளில் ஷால்மாய் என்ற குழல் நாகஸ்வரத்தின் அதே இரட்டைச் சீவாளிக் குடும்பம். ஹர்டி-கர்டி தனி ரகம்: கைப்பிடியைச் சுற்றினால் பிசின் தடவிய மரச்சக்கரம் தந்திகளை உரசிக்கொண்டே இருக்கும், மெட்டுக்கு இடது கை சாவிகளை அழுத்த வேண்டும். அதில் ஒரு தந்தி, தளர்வாக நிற்கும் சின்ன மரக்கட்டையின் மேல் அமர்ந்திருக்கும். வாசிப்பவர் மணிக்கட்டை வெட்டி இழுத்தால் கட்டை பலகையில் மோதி 'ஜ்ர்ர்' என்று தாளம் போடும். மின்கிட்டார் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஓசையைக் கரகரப்பாக்கும் உபாயத்தை மனிதன் யோசித்திருக்கிறான்.

இந்தக் கருவிகள் மெட்டலோடு பொருந்தியது தற்செயல் இல்லை. மெட்டல் கிட்டாரின் அடிப்படை 'பவர் கார்டு'. ஆதார ஸ்வரம், அதன் பஞ்சமம், அவ்வளவுதான், காந்தாரம் கிடையாது. காரணம் எளிது. ஓசையை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் உடைக்கும்போது ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதிப் புதிய அதிர்வெண்களைப் பெற்றுப்போடும். ஆதாரமும் பஞ்சமமும் சேர்ந்தால் அவை பெரும்பாலும் ஒத்துப்போகும். காந்தாரம் நுழைந்தால் சேறாகிவிடும். பேக்பைப்பின் ஒத்துக்குழல்கள் பிடிப்பதும் இதே இரண்டு ஸ்வரங்களைத்தான். கிட்டார்காரர் எதையும் மாற்றாமல் அதன் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. பவர் கார்டை அப்படியே மேலும் கீழும் நகர்த்தினால் இரண்டு ஸ்வரங்களும் இணையாக ஓடும். ஐரோப்பியச் செவ்வியல் இலக்கணம் பல நூற்றாண்டுகளாக மாணவர்களை மிரட்டிய 'இணைப் பஞ்சமம்' என்ற குற்றம் இது. ஆனால் அந்த இலக்கணத்துக்கு முந்தைய 9-ஆம் நூற்றாண்டின் 'மூசிகா என்கிரியாடிஸ்' என்ற நூலைத் திறந்தால், துறவிகளின் பாட்டுக்கு இன்னொரு குரலைச் சேர்க்கும் முறையாக இதையேதான் சொல்லிக்கொடுக்கிறது. இடைக்காலச் செவிக்குப் பஞ்சமம் நிறைவானது, காந்தாரம் அரைகுறையானது. மெட்டல் கிட்டார்காரர் ஆம்ப்ளிஃபையரின் கட்டாயத்தால் வந்துசேர்ந்த இடமும் அதுவே. இந்த இசையில் உண்மையிலேயே இடைக்காலத் தன்மை ஒன்று உண்டென்றால் அது உடையிலோ கொம்புக் கோப்பையிலோ இல்லை. இந்தப் பஞ்சமத்தில் இருக்கிறது.

பொருத்தம் இருந்தாலும் கட்டுப்பாடுகள் கறாரானவை. பேக்பைப்பின் சுருதியை மாற்ற முடியாததால் பாட்டின் சுருதியை அதுவே தீர்மானிக்கும். வேறு சுருதி வேண்டுமா, வேறு பேக்பைப்பைத் தூக்கி வர வேண்டும். கிட்டார் வேறு கார்டுக்கு, அதாவது வேறு ஸ்வரக்கூட்டுக்கு, நகரும்போது ஒத்து மட்டும் அசையாமல் நிற்கும். சில நேரம் அந்த உரசல் அழகு, சில நேரம் நாராசம். நாராசமான இடங்களில் ஒத்துக்குழல்களை அடைத்துவிடுவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான கட்டுப்பாடு, பேக்பைப் ஊதும்போது பாடகர் குரல் எடுபடாது. எனவே இந்தப் பாடல்களின் வடிவம் தானாக அமைந்தது: பேக்பைப் மெட்டு, அது நின்றதும் கிட்டார் மட்டும் துணையிருக்க ஒரு சரணம், மறுபடி பேக்பைப், மறுபடி சரணம். பாடும் நேரத்தில் பேக்பைப்காரர்களுக்கு வேலையில்லை. அவர்கள் மேடையில் துள்ளிக் குதிப்பதும், கூட்டத்தைத் தூண்டுவதும், நெருப்போடு விளையாடுவதும் அந்த ஓய்வு நேரத்தில்தான். சந்தையில் கற்ற வித்தை அப்போது கைகொடுக்கிறது.

இன் எக்ஸ்ட்ரீமோ 1995-இல் தொடங்கியபோது ஒரே ஆட்கள் சந்தையில் கருவிகளோடு ஒரு வேடம், ராக் மேடையில் இன்னொரு வேடம் என்று இரண்டு பிழைப்பு நடத்தினார்கள். பாடகர் மிஷாயெல் ரைன் மேடையில் 'கடைசி ஒற்றைக்கொம்பன்' என்ற பெயரில் நிற்பவர். அவர்களின் முதல் மெட்டல் ஆல்பம் 1998-இல் வந்த 'வெக்ட் டி டோட்டன்'. அதன் பாடல் பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றும். தென் பிரான்சின் ஒக்சிதான் மொழியில் ஓநாயைப் பற்றிய ஆட்டப்பாட்டு. கேட்டலோனியாவின் மொன்செராட் மடத்துச் சிவப்புச் சுவடியிலிருந்து யாத்திரிகர் பாடல். 13-ஆம் நூற்றாண்டில் காஸ்டீல் மன்னர் அல்ஃபோன்ஸோ தொகுப்பித்த மரியன்னைப் பாடல்களில் ஒன்று. ஸ்காண்டிநேவியக் கதைப்பாடல்கள். பெனடிக்ட்பாயர்ன் மடத்தில் 1803-இல் கிடைத்த 'கார்மினா புரானா' சுவடியிலிருந்து லத்தீன். ஜெர்மன் பேசும் ரசிகருக்கு இதில் பாதி புரியாது. புரியாததைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அதே ஆல்பத்தில்தான் வால்டர் ஃபொன் டெர் ஃபோகல்வைடெயின் பாலஸ்தீனப் பாட்டு இருக்கிறது. இடைக்கால ஜெர்மனின் மிகப் பெரிய பாவலர் அவர். அவருடைய பாடல்களில் மெட்டு முழுமையாகக் கிடைத்திருப்பது இதற்கு மட்டும்தான், அதுவும் 1910-இல் ம்யூன்ஸ்டரில் ஒரு கிழிந்த ஏட்டில் கண்டெடுத்ததால். சிலுவைப்போர் காலத்துப் புனித பூமியைப் பாடும் இந்த மெட்டைத் தொடாத இடைக்காலக் குழு ஜெர்மனியில் அரிது. பழைய சொல்லும் பழைய மெட்டும் ஒருசேரப் பிழைத்திருக்கும் சொற்ப உருப்படிகளில் ஒன்று என்பதால் அதற்கு அத்தனை மதிப்பு.

மற்றபடி, இவர்களின் 'பழமை' அடிக்கடி 19-ஆம் நூற்றாண்டில் போய் முட்டும். மலைப்பூதம் ஒருத்தி இளைஞனைத் திருமணத்துக்குக் கேட்கும் 'ஹெர் மன்னெலிக்' என்ற சுவீடிஷ் பாட்டு 1870-களில் அச்சேறியது. 'ஷ்பீல்மன்ஸ்ஃபுளூஹ்' (இசைஞனின் சாபம்) என்ற பாட்டு, கவிஞர் லுட்விக் ஊலண்ட் 1814-இல் எழுதிய கதைப்பாடலைத் தழுவியது. கொடுங்கோல் மன்னனின் அவைக்கு ஒரு கிழப்பாடகனும் இளம்பாடகனும் வருகிறார்கள். ராணி இசையில் உருகுவதைப் பொறுக்காத மன்னன் இளையவனை வாளெறிந்து கொல்கிறான். முதியவன் யாழைத் தூணில் அடித்து உடைத்துச் சபிக்கிறான். அரண்மனை பாழாகிறது, மன்னனின் பெயரும் யாருக்கும் நினைவில் இல்லாமல் போகிறது. நிழலை அடித்துக்கொள்ளச் சொன்ன சட்டத்துக்கு இசைஞர் கூட்டம் கொடுக்கும் பதில் போலவே கச்சேரிகளில் இதைப் பாடுகிறார்கள். இன்னும் வேடிக்கை, 2003-இல் அவர்கள் பாடிய 'எர்ட்பேர்முண்ட்'. பிரான்சின் 15-ஆம் நூற்றாண்டுக் கவி ஃபிரான்ஸ்வா வில்லோனுடையது என்று பலரும் நம்பும் இந்தக் காதல் வெறிப் பாட்டை உண்மையில் எழுதியவர் 20-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் எழுத்தாளர் பால் ஸெஹ். வில்லோனை மொழிபெயர்க்கிறேன் என்று தொடங்கி, தன் கவிதையை அவர் பெயரில் ஓட்டிவிட்டார். கேட்டு மகிழ்பவருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

பெர்லினை ஒட்டிய போட்ஸ்டாமின் சப்வே டு சாலி குழு வேறு வழியில் போனது. அவர்களுக்குப் பழஞ்சுவடி முக்கியமில்லை. தொடக்கத்தில் ஆங்கிலத்தில் பாடியவர்கள், 1990-களின் நடுவில் ஜெர்மனுக்கு மாறினார்கள். கிட்டார்காரர் போடென்ஸ்கி புதிதாக எழுதிய வரிகள் பழைய கதைப்பாடல்களின் குரலைக் கடன் வாங்கின: கொலை, தூக்குமரம், மணநாளில் சாவு. எரிக் ஃபிஷ்ஷின் குரலோடு ஃபிராவ் ஷ்மிட்டின் வயலின் கொக்கி போட்டு இழுக்கும். இந்த வகையில் எழுத்துத் தரத்தில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கட்சி. 1999-இன் 'ஹோக்ஸைட்', 2001-இன் 'ஹெர்ஸ்ப்ளூட்' இரண்டும் சாட்சி. கோர்வஸ் கோரக்ஸ்காரர்கள் டான்ஸ்வூட் என்ற துணைக்குழு வைத்துப் பேக்பைப்போடு மின்னணுத் தாளத்தையும் கலந்தார்கள். ம்யூனிக்கின் ஷாண்ட்மவுல் குழு மென்மையான பக்கம் சாய்ந்தது.

பழமை, தாய்நாடு, முன்னோர் என்று பேசும் எந்த இசையையும் ஜெர்மனியில் அரசியல் முகர்ந்து பார்க்காமல் விடாது. வட ஐரோப்பாவின் பழைய தெய்வங்களும் ரூன் என்ற பண்டை ஜெர்மானிய எழுத்துகளும் புழங்கும் பேகன் மெட்டலில் தீவிர வலதுசாரிகள் புகுந்த சம்பவங்கள் உண்டு. அந்தச் சந்தேகம் நியாயமானதே. சந்தையிலிருந்து வந்த குழுக்கள் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில் விழவில்லை. ஒரு காரணம், அவர்கள் தேடிய இடைக்காலம் எல்லையில்லாத ஐரோப்பா. ஒக்சிதானும் கேட்டலோனியாவும் சுவீடனும் ஒரே பையில். இன்னொரு காரணம், அவர்கள் போட்ட வேடம் போர்வீரனுடையதல்ல, ஊர் ஊராய்த் துரத்தப்பட்ட கூத்தாடியுடையது. இன் எக்ஸ்ட்ரீமோ 2016-இல், 19-ஆம் நூற்றாண்டின் பிரபலமான தேசபக்திப் பாட்டொன்றின் வரியையே தலைப்பாக எடுத்துப் போருக்கு எதிரான பாட்டாக்கியது. சல்டாட்சியோ மோர்டிஸ் என்ற குழு 2013-இல் ஓர் ஆல்பத்தில் தேசிய கீதத்தின் வாசகத்தைத் திருகி, வளர்ச்சி வளர்ச்சி என்று அலையும் பொருளாதாரத்தைக் கிண்டலடித்தது.

அந்த 2013 ஆல்பம் ஜெர்மன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதற்கு முன்பே, 2008-இல் இன் எக்ஸ்ட்ரீமோவின் 'ஸெங்கர்க்ரீக்' முதலிடத்தைத் தொட்டிருந்தது. அதே ஆண்டு மாநிலங்களுக்கு இடையே தொலைக்காட்சியில் நடந்த பாட்டுப் போட்டியில் பிராண்டன்புர்க் சார்பில் போன சப்வே டு சாலி பாப் நட்சத்திரங்களை ஓரங்கட்டி வென்றது. 2001-இல் 'கோதிக்' என்ற கணினி விளையாட்டின் ஜெர்மன் பதிப்பில் இன் எக்ஸ்ட்ரீமோவினர் பாத்திரங்களாகவே வந்து வாசித்தார்கள். பலருக்கு இந்த இசையோடு முதல் அறிமுகம் அதுதான். வாக்கன் கிராமத்தின் உலகப் புகழ்பெற்ற மெட்டல் விழாவில் இப்போது இடைக்காலச் சந்தைக்கென்றே ஒரு பகுதியும் தனி மேடையும் உண்டு. எர்லாங்கன் பக்கத்து ஃபொயர்ஷ்வான்ஸ் குழு 2004-இல் மதுவும் மார்பும் பற்றிய நகைச்சுவைப் பாட்டுகளோடு தொடங்கி, மெல்ல முழு மெட்டலாக மாறி, 2022 தொடக்கத்தில் பட்டியலின் உச்சிக்குப் போனது. 2025-இல் ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கான ஜெர்மன் தேர்வின் இறுதிச் சுற்றிலும் நின்றது.

வெற்றிக்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறார்கள். அண்மைக்கால ஆல்பங்களில் பேக்பைப்புக்கு ஒதுக்கப்படும் இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. தொடக்கத்தில் எட்டுத் தாளச்சுற்று முத்திரை போல ஒலிக்கும்; பிறகு வானொலிக்கேற்ற பல்லவி, மைதானமே கைதட்டும் தாளம்; கடைசியில் நினைவூட்டல் போல மறுபடி எட்டுத் தாளச்சுற்று. பேக்பைப்பை எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கும். 1998-இன் பாடல்களில் அதை எடுத்தால் பாட்டே இருக்காது. கார்டுகளைத் தாராளமாக மாற்றும் பாப் பல்லவிக்கு ஒன்பது ஸ்வரக் கருவி தொல்லைதான். தொல்லையை விலக்கியபோது பாட்டைக் கட்டியிருந்த விதியும் விலகிவிட்டது. வரலாற்றாசிரியர்கள் குறைசொல்லும் பொருந்தா உடையோ சந்தையின் செயற்கைப் பழம்பேச்சோ என்னை அவ்வளவு உறுத்தவில்லை. இதுதான் உறுத்துகிறது.

கேட்கத் தொடங்குபவர் கோர்வஸ் கோரக்ஸின் மேடைப் பதிவு ஒன்றில் ஆரம்பிக்கலாம். கிட்டாரே இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது பிடிபடும். அடுத்து 'வெக்ட் டி டோட்டன்', அதில் பாலஸ்தீனப் பாட்டு. கிட்டார் பேக்பைப்பின் கீழே வந்து உட்காருவதைக் காதாலேயே பிடிக்கலாம். பிறகு 'ஹெர்ஸ்ப்ளூட்'. அவுகன்வைடெயின் 1974 மந்திரத்தையும் இன் எக்ஸ்ட்ரீமோவின் 1999 மந்திரத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கவும் தவற வேண்டாம். ஹெட்ஃபோனில் கேட்பதென்றால் ஒலியளவைக் குறைத்துவைத்துத் தொடங்குவது நல்லது; பேக்பைப் எங்கே நுழையும் என்று முன்கூட்டிச் சொல்லாது.